மலைவீட்டில் கைத்துப்பாக்கி: துடைப்பது, எண்ணெய் போடுவது, பூட்டி வைப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவத்தில் 20 வருடத்துக்கு மேல் ஆர்மரராக இருந்தேன். ஆயுதங்களைப் பழுதுபார்த்துப் பராமரிப்பதுதான் வேலை. இப்போது கோத்தகிரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். குன்னூர், வெலிங்டன், கோத்தகிரி வட்டாரத்தில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் நிறையப் பேர் உண்டு, எஸ்டேட்காரர்களும் உண்டு. அவர்களில் சிலரிடம் லைசென்ஸ் பெற்ற கைத்துப்பாக்கி இருக்கிறது. பெரும்பாலும் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர், சிலரிடம் .32 பிஸ்டல். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால்கூட யாராவது ஒருவர் இதைப் பற்றிக் கேட்டுவிடுகிறார். திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். தன் பெயரில் லைசென்ஸ் உள்ளவர்களுக்காக எழுதியது இது. உங்கள் பெயரில் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வீட்டில் இருந்தால், நேராகக் கடைசிக் கேள்விக்குப் போய்விடுங்கள்.

வாங்கி 9 வருடம் ஆகிறது. ஒரு குண்டுகூட சுட்டதில்லை. சுடாத துப்பாக்கியை எதற்குத் துடைக்க வேண்டும்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். சுட்டதால் கெட்டுப்போன கைத்துப்பாக்கியை இந்த மலையில் நான் பார்த்தது குறைவு. பீரோவில் சும்மா கிடந்து கெட்டதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர்க் காற்றை நினைத்துப் பாருங்கள். கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது. அது ஓய்ந்ததும் அக்டோபரிலிருந்து குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. நடுவில் மழை இல்லாத நாளிலும் மஞ்சு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். ஷூவில் பூஞ்சை பூக்கிறது, பட்டுப்புடவை மக்கல் வாடை அடிக்கிறது, தீப்பெட்டி நமுத்துப்போகிறது. அதே பீரோவில் இருக்கும் இரும்பு மட்டும் எப்படித் தப்பும்? காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பில் துரு ஏறுவது வேகமெடுக்கும். நமக்கு வருடத்தில் பல மாதம் அதற்கு மேலேதான்.

துரு முதலில் வெளியே தெரியாது. குழலின் உள்ளே சுழல் சுழலாக ஓடும் வரிப்பள்ளங்களில் ஆரம்பிக்கும். பிடியின் மரத்துண்டுக்கு அடியில் ஆரம்பிக்கும். வெளியே செம்பழுப்பாகத் தெரியும்போது உள்ளே குழி விழுந்திருக்கும். குழி விழுந்த இரும்பைப் பழையபடி ஆக்க முடியாது.

எத்தனை நாளைக்கு ஒரு முறை?

சுட்டால் அன்றைக்கே, தள்ளிப் போடாமல். சுடாமல் வைத்திருந்தால் மாதம் ஒரு முறை எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு போதும். மழை மாதங்களில் 15 நாளுக்கு ஒரு முறை. யாராவது கையில் எடுத்துப் பார்த்தால், பார்த்து முடித்ததும் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். கை வியர்வையில் உப்பு இருக்கிறது. விரல் பட்ட இடத்தில் ரேகையின் அச்சோடு துரு பிடித்த ரிவால்வரைப் பார்த்திருக்கிறேன்.

துடைக்க உட்காரும் முன் என்ன செய்ய வேண்டும்?

காலி செய்ய வேண்டும். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள்.

எடுத்த நொடியிலிருந்து குழல்முனை ஆள் இல்லாத பக்கம் பார்க்கட்டும். செங்கல் சுவரோ மண் மேடோ இருந்தால் நல்லது. எஸ்டேட் லைன் வீடுகளில் தகரத்தையும் பலகையையும் வைத்து அடைத்திருப்பார்கள், அதைச் சுவர் என்று நம்பக் கூடாது. விரல் விசைக்கு (ட்ரிகருக்கு) வெளியே, சட்டத்தின் மேல் நீட்டியபடி இருக்கட்டும்.

ரிவால்வர் என்றால் தாழை அழுத்தித் திறங்கள். நம் .32 ரிவால்வர் நடுவில் மடிந்து திறக்கும் வகை. சுழலும் உருளையில் தோட்டா போடும் 6 அறைகள். தோட்டாக்களை எடுத்த பிறகு ஒவ்வோர் அறையையும் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலால் தொட்டும் பாருங்கள். ஆறையும் எண்ணுங்கள்.

பிஸ்டலில்தான் ஆபத்து அதிகம். முதலில் மேகசினை (பிடிக்குள் இருக்கும் தோட்டாக் கூட்டை) வெளியே எடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை) இழுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், ஸ்லைடை இழுத்ததும் அறையில், அதாவது குழலின் பின்முனையில், இருந்த தோட்டா வெளியே விழும். அது விழுந்ததைப் பார்த்து நமக்கு நிம்மதி வரும். ஆனால் ஸ்லைடு முன்னே போகும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும். அப்புறம் மேகசினை உருவிவிட்டுக் காலி என்று நினைத்துக்கொள்வோம். பிஸ்டலோ சுடத் தயாராக இருக்கும்.

பணியில் சேர்ந்த புதிதில் நானே இதைச் செய்தேன். தரையில் விழுந்த தோட்டாவைப் பார்த்துவிட்டு, மேகசினையும் எடுத்துவிட்டு, விசையில் விரல் வைக்கப் போனேன். பக்கத்திலிருந்த மூத்த ஹவில்தார் என் மணிக்கட்டைப் பிடித்து, “அறையைப் பார்த்தாயா?” என்று கேட்டார். பார்த்தேன், பித்தளை மின்னியது. இப்போதும் சில ராத்திரி அது நினைவுக்கு வருகிறது. அன்றிலிருந்து ஸ்லைடைப் பின்னால் பூட்டி, வெளிச்சத்தில் பார்த்து, விரலை விட்டுத் தொட்டு, கண்ணை வேறு பக்கம் திருப்பிவிட்டு மறுபடி ஒரு தடவை பார்ப்பேன்.

காலி செய்ததும் தோட்டாக்களை வீட்டின் வேறோர் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். துடைக்கும் மேஜையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. நடுவில் போன் வந்து எழுந்து போனால், திரும்பி வந்து முதலிலிருந்து சோதியுங்கள்.

எங்கே உட்கார்ந்து துடைப்பது?

சாப்பாட்டு மேஜை வேண்டாம், சமையலறை கூடவே கூடாது. சுட்ட துப்பாக்கியின் கரியில் ஈயம் இருக்கும். அது குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ரொம்பக் கெடுதல். பழைய செய்தித்தாளை விரித்து, வேலை முடிந்ததும் சுருட்டி எறிந்துவிடுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் டீ.

நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. டிசம்பர், ஜனவரிக் குளிரில் கதவு ஜன்னலை எல்லாம் அடைத்து, நடுவில் கணப்புச் சட்டியோ ஹீட்டரோ வைத்துக்கொண்டு உட்காருவோம். துப்பாக்கி கழுவும் திரவங்கள் பலவும் சட்டென்று தீப்பிடிப்பவை, அவற்றின் ஆவியும் தலையைச் சுற்ற வைக்கும். கணப்பு இருக்கும் அறையில் இந்த வேலை வேண்டாம். வெயில் அடிக்கும் மத்தியானத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஜன்னல் பக்கம் ஆள் நடமாட்டம் இருந்தால் திரையை மட்டும் இழுத்துவிடுங்கள். வீட்டில் துப்பாக்கி இருப்பதை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என்னென்ன சாமான் வேண்டும்?

குழலின் அளவுக்கு ஏற்ற துப்புரவுக் கம்பி, வெண்கல பிரஷ் ஒன்று (எஃகு பிரஷ் வேண்டாம், குழலைக் கீறிவிடும்), பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று, மெல்லிய பருத்தித் துணித் துண்டுகள். இந்தத் துண்டை ராணுவத்தில் சிந்தி என்போம். வெளுத்துத் துவைத்த பழைய பனியன் துணி அருமையாக உதவும். அப்புறம் கரி கழுவும் திரவம், எண்ணெய், சின்ன டார்ச். துப்பாக்கிக் கடைகளில் எல்லாம் சேர்ந்த பெட்டியாகவே விற்கிறார்கள். வாங்கும்போது .32 அளவுக்கான பிரஷ்தானா என்று பாருங்கள்.

ரிவால்வரைத் துடைக்கும் முறையைச் சொல்லுங்கள்.

திறந்து வைத்த நிலையிலேயே ஆரம்பியுங்கள். துணியில் கழுவும் திரவத்தை நனைத்து, குழலின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக ஒரு முறை தள்ளுங்கள். மடிந்து திறக்கும் ரிவால்வரில் பின்பக்கத்திலிருந்து கம்பியை விட முடிவது நமக்கு ஒரு வசதி. முன்பக்கத்திலிருந்து விட்டால் குழல்வாயின் விளிம்பில் கம்பி உரசும். அந்த விளிம்பு தேய்ந்தால் குறி போய்விடும்.

நனைத்த பிறகு 10 நிமிடம் விட்டுவிடுங்கள். கரி இளகட்டும். பிறகு வெண்கல பிரஷ். குழலுக்குள் பாதி வழியில் பிரஷைத் திருப்பி இழுக்காதீர்கள், முழுக்க வெளியே வந்த பிறகுதான் இழுக்க வேண்டும். பத்துத் தடவை போனால் போதும். அடுத்து உலர்ந்த துணிகள், கறுப்பு வராத வரைக்கும். கடைசித் துணியில் இரண்டு சொட்டு எண்ணெய்.

குழலைப் போலவே 6 அறைகளையும் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். குழல் தொடங்கும் இடத்தில், உருளைக்கு எதிரே இருக்கும் வாயில், ஈயம் சாம்பல் நிறத்தில் அப்பியிருக்கும். அங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இப்போது பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் இடத்துக்கு வருகிறேன். ரிவால்வரைத் திறந்தால் வெற்றுத் தோட்டாக்களைத் தூக்கிவிட நட்சத்திர வடிவில் ஒரு துண்டு மேலே எழும்பும். அதன் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்று ஒட்டிக்கொண்டால் போதும், நட்சத்திரம் முழுதாக உட்காராது, தோட்டாவின் அடி லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், உருளை சுற்றாமல் இறுகிவிடும். பல் பிரஷை உலர்ந்தபடியே வைத்து அங்கே நன்றாகத் தேயுங்கள். அந்த இடத்தில் எண்ணெய் ஊற்றாதீர்கள், எண்ணெய் துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கீல் அச்சுக்கு ஒரு சொட்டு, தாழுக்கு ஒரு சொட்டு. வெளியே எண்ணெய்த் துணியால் ஒரு சுற்று. மூடும்போது இரண்டு கையாலும் மெதுவாக மூடுங்கள். சினிமாவில் போல ஒரே கையால் உதறி மூடினால் கீலும் தாழும் தளர்ந்துவிடும். தளர்ந்த ரிவால்வரில் அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்காது.

பிஸ்டல்?

அடிப்படை அதேதான். கழற்றும் முறை ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. கூட வந்த கையேட்டில் உள்ளபடி ஸ்லைடு, குழல், சுருள்வில் வரைக்கும் கழற்றலாம், அதற்கு மேல் உள்ளே போக வேண்டாம். சில பிஸ்டல்களைக் கழற்றுவதற்கு முன் விசையை இழுத்தாக வேண்டும். மேலே சொன்ன வரிசை அங்கே உயிரைக் காக்கும். ஸ்லைடு ஓடும் தடங்களில் மெல்லிய எண்ணெய் வேண்டும். மேகசினுக்குள் எண்ணெய் வேண்டாம், உலர்ந்த துணியால் துடைத்தால் சரி.

இன்னொன்று. ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் .32 என்றே பெயர் இருந்தாலும் தோட்டாக்கள் வேறு வேறு. ஒன்றை இன்னொன்றில் போட்டுப் பார்க்கக் கூடாது.

தேங்காய் எண்ணெய் போடலாமா? நீலகிரித் தைலம்? மண்ணெண்ணெய்?

இந்தக் கேள்விக்குச் சிரிக்காமல் பதில் சொல்வேன். கையில் கிடைப்பதைப் போட நினைப்பது இயல்பு.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். ஊட்டியில் பாட்டிலை வெயிலில் வைத்துத்தான் தலைக்குத் தேய்க்கிறோம். விசைக்குள் போன எண்ணெய் மெழுகாக உறைந்து நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நல்லெண்ணெய் உறையாது, ஆனால் காற்றுப் பட்டு நாளாக ஆகப் பிசின் மாதிரி ஒட்டும். சமையல் எண்ணெய் எதுவுமே இதற்கு ஆகாது.

நீலகிரித் தைலம் ஜலதோஷத்துக்கு நல்லது. இரும்பில் தடவினால் ஏற்கெனவே இருக்கும் எண்ணெய்ப் பசையைக் கரைத்துக்கொண்டு ஆவியாகிப் போய்விடும், இரும்பு அம்மணமாக நிற்கும். மண்ணெண்ணெயும் கிட்டத்தட்ட அப்படித்தான். அழுக்கைக் கழுவும், பாதுகாக்காது. அவசரத்துக்குக் கரி கழுவப் பயன்படுத்தினால், துளிகூட மிச்சமில்லாமல் துடைத்துவிட்டு முறையான எண்ணெயைப் போட்டே தீர வேண்டும்.

டபிள்யூடி-40 நனைந்த இரும்பிலிருந்து நீரை விலக்க நல்லது. மாதக்கணக்கில் பாதுகாக்கும் எண்ணெயாக அதை நம்பாதீர்கள். தோட்டாப் பக்கம் அதை அடிக்கவே அடிக்காதீர்கள். தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமரின் ஓரமாக உள்ளே கசிந்து மருந்தைச் செத்துப்போக வைக்கும்.

துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெய்தான் முதல் தேர்வு. அது கிடைக்காத மாதத்தில் தையல் மெஷின் எண்ணெய் போடலாம். மெல்லிய கனிம எண்ணெய், உறையாது, பிசுக்காகாது. ஆனால் சீக்கிரம் வடிந்து உலர்ந்துவிடும், அதனால் இன்னும் அடிக்கடி துடைக்க வேண்டி வரும்.

எண்ணெய் எவ்வளவு?

விரலால் தொட்டால் வழவழப்பு தெரிய வேண்டும், விரலில் ஈரமாக ஒட்டக் கூடாது. அதற்கு மேல் போட்டால் தூசியைச் சேர்க்கும்.

துரு பிடித்துவிட்டது. புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். புளியும் எலுமிச்சையும் அமிலம். துருவோடு சேர்த்து, துப்பாக்கி இரும்பின் மேல் கொடுத்திருக்கும் கருநீலப் பூச்சையும் தின்றுவிடும். உப்புத்தாள், சபீனா, விபூதி எதுவும் வேண்டாம்.

மேலோட்டமான துருவாக இருந்தால் எண்ணெய் தாராளமாகத் தடவி ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் முரட்டுத் துணியால் தேய்த்தாலே பாதி வந்துவிடும். மீதிக்கு மிக மெல்லிய எஃகுப் பஞ்சை, நான்கு சைபர் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள், எண்ணெயில் நனைத்து ஒரு குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போல லேசாகத் தேயுங்கள். நகம் பட்டால் குழி தெரிகிறது, அல்லது குழலுக்குள் துரு தெரிகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். லைசென்ஸ் பெற்ற பழுதுபார்ப்பவர் பார்த்து, சுடத் தகுதியானதுதான் என்று சொல்லும் வரை அதைச் சுட வேண்டாம்.

நல்ல தோல் உறை வாங்கி அதிலேயே வைத்திருக்கிறேன். சரிதானே?

சரியில்லை. இதைக் கேட்டு மனம் வருந்தாதவர் இல்லை, ஏனென்றால் உறைதான் பாதுகாப்பு என்று எல்லோரும் நினைக்கிறோம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்டபோது சேர்த்த உப்பும் அமிலமும் அதில் இருக்கும். ஒரு மழைக்காலம் முழுக்க உறைக்குள் தூங்கிய ரிவால்வரை ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்தால், உறையின் தையல் கோடு துருவாக அதன் மேல் அச்சடித்திருக்கும். தோல் உறை இடுப்பில் கட்டும் நேரத்துக்கு மட்டும். பஞ்சு வைத்துத் தைத்த ஜிப் பையும் இதே கதைதான். வீட்டில் எண்ணெய்த் துணியால் லேசாகச் சுற்றி, இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

பீரோவில் பல்ப் எரிய விடுவது பலன் தருமா?

தரும். ஊட்டியில் துணி பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பலர் செய்வதுதான். சின்ன பல்பின் சூட்டில் பீரோவுக்குள் காற்று வெளியை விட இரண்டு மூன்று டிகிரி வெதுவெதுப்பாக இருந்தாலே ஈரப்பதம் இறங்கிவிடும். துணி மேல் படாமல் கூண்டுக்குள் பொருத்துங்கள், தோட்டாப் பெட்டியை அந்தத் தட்டில் வைக்காதீர்கள்.

பூட்டிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறும் வகையை வாங்குங்கள். நீலம் இளஞ்சிவப்பானால், அல்லது ஆரஞ்சு பச்சையானால், ஈரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஓவனில் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பழைய நிறத்துக்கு வரும். அதற்குப் பதிலாகக் கல் உப்பு மூட்டை கட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்பு ஈரத்தை இழுத்துத் தண்ணீராக விட்டு, அந்த உப்புத் தண்ணீரே துப்பாக்கியைத் தின்றுவிடும்.

தோட்டாவில் பச்சைக் களிம்பு. பிராஸோ போட்டுப் பளபளப்பாக்கலாமா?

கூடாது. பித்தளைப் பாத்திரம் வேறு, தோட்டாவின் பித்தளை உறை வேறு. பாலிஷ்களில் பலவற்றில் அம்மோனியா இருக்கும். அழுத்திச் செய்த பித்தளையில் உள்ளுக்குள் ஒரு இழுவிசை தங்கியிருக்கும். அதன் மேல் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்து பட்டால் பித்தளை விரிசல் விடும்.

இது நம் நாட்டு மழைக்காலம் உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். பிரிட்டிஷ் ராணுவம் இங்கே இருந்தபோது மழை மாதங்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்தால் உறைகளில் விரிசல். பல காலம் காரணம் புரியவில்லை. 1921-ல்தான் விளக்கம் கிடைத்தது: குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா. மழைக்காலத்தில் வந்ததால் அந்தக் கோளாறுக்கு ஆங்கிலத்தில் ‘பருவ விரிசல்’ என்று பொருள்படும் பெயரே நிலைத்துவிட்டது.

இப்போது உங்கள் வீட்டை யோசித்துப் பாருங்கள். மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறை, கோழி எரு மூட்டை கிடக்கும் இடம், எஸ்டேட்டில் யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் அடுக்கிய உரக் கிடங்கு. இவற்றின் பக்கம் தோட்டா இருக்கவே கூடாது. ஒரு எஸ்டேட்டில் அலுவலகமும் உரக் கிடங்கும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தன. அலுவலக அலமாரியில் வைத்த தோட்டாக்களின் கழுத்தில் முடி போன்ற கோடுகளை என் கண்ணால் பார்த்தேன்.

லேசான கறுப்பை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். களிம்பு பிடித்தது, விரிசல் உள்ளது, குண்டு ஆடுவது எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். குப்பைத் தொட்டி, ஓடை, தேயிலைக் காட்டில் குழி எதுவும் வேண்டாம். விற்ற கடையிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ விவரம் சொல்லி, எழுத்து மூலம் ஒப்படையுங்கள்.

மருந்து நன்றாக இருக்கிறதா என்று தோட்டத்தில் வானத்தைப் பார்த்து ஒன்று சுட்டுப் பார்க்கலாமா?

மேலே போன குண்டு கீழே வரும். கீழே தேயிலை பறிப்பவர்கள் இருப்பார்கள். 2019-ல் ஆயுதச் சட்டத்தில் செய்த திருத்தப்படி, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகவோ கொண்டாட்டத்துக்காகவோ சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முறையான ரைபிள் கிளப் தளத்தில் சுட்டுப் பாருங்கள். அங்கே விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலை இலக்குப் பக்கமே பிடித்தபடி அரை நிமிடமாவது காத்திருந்து பிறகுதான் திறக்க வேண்டும். சத்தம் மந்தமாக வந்தால் குண்டு குழலில் சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுடாமல் நிறுத்துங்கள்.

பழைய தோட்டா சுட்டால் துப்பாக்கி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்கிறார்களே?

உண்மை. பழைய வகைப் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் குழலில் பொட்டாசியம் குளோரைடு படியும். அதுவும் ஓர் உப்புதான், காற்றின் ஈரத்தை இழுக்கும். உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அப்படிப்பட்ட தோட்டா என்று சந்தேகம் வந்தால், முதலில் வெந்நீரில் நனைத்த துணியைக் குழலுக்குள் விட்டுக் கழுவி, முழுக்க உலர்த்தி, பிறகு வழக்கமான துடைப்பு. பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கியில் கரிமருந்து போடுபவர்களுக்கும் இதே வெந்நீர் வைத்தியம்தான்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் ரிவால்வர் நனைந்துவிடுகிறதே?

குளிர்ந்த இரும்பு வெதுவெதுப்பான ஈரக் காற்றில் வியர்க்கும். ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே நீர் கோர்ப்பது போல. பர்லியாறு தாண்டும்போதே காற்று மாறிவிடும். காற்றுப் புகாத பையில் போட்டு மூடி எடுத்துப் போங்கள். இறங்கியதும் திறக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள், இரும்பும் கீழ்நாட்டுச் சூட்டுக்கு வரட்டும். பிறகு திறந்து துடையுங்கள்.

பயணம் என்றதும் கூடலூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குப் பக்கத்துக் கடைவீதியே இன்னொரு மாநிலம். லைசென்ஸில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் சுல்தான் பத்தேரிக்கு டீ குடிக்கப் போகும்போதும் துப்பாக்கி வீட்டில்தான் இருக்க வேண்டும். மைசூர் சாலை தெப்பக்காடு வழியாக முதுமலைக்குள் போகிறது. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி வேண்டும் என்கிறது 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். கிளம்பும் முன் வனத்துறையில் கேட்டுவிடுங்கள்.

காலி ரிவால்வரின் விசையை இழுத்துப் பழகலாமா?

.32-ல் எப்போதாவது என்றால் கெடுதல் இல்லை. .22-ல் கூடாது, தோட்டாவை அடிக்கும் ஊசி நேராக அறையின் விளிம்பில் அடித்து அதை நசுக்கும். எதுவானாலும் பொம்மைத் தோட்டா வாங்கிப் போட்டுப் பழகுங்கள்.

விசை இறுக்கமாக இருக்கிறது. நானே அரம் போட்டுச் சரிசெய்யட்டுமா? அல்லது பையனிடம் கடைக்குக் கொடுத்தனுப்பட்டுமா?

அரம் வேண்டாம். விசையின் கொக்கி ஒரு மயிரிழை தேய்ந்தாலும் கீழே விழுந்த அதிர்ச்சியில் சுடும் துப்பாக்கியாகிவிடும். பழுதுபார்ப்பது லைசென்ஸ் உள்ளவர் மட்டுமே செய்ய வேண்டிய தொழில். குழலை வெட்டிக் குட்டையாக்குவது தனிக் குற்றம்.

பழுதுபார்க்கவோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ உங்கள் முன்னிலையில், அல்லது நீங்கள் எழுதிக் கொடுத்த அதிகாரத்தின் பேரில், வேறொருவர் எடுத்துப் போகலாம் என்று 1959-ன் ஆயுதச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாய்ப் பேச்சில் கொடுத்தனுப்பினால் வழியில் சோதனையில் மாட்டுவது உங்கள் பையன்தான். முடிந்தவரை நீங்களே போங்கள். என்னிடமும் யாரும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகாதீர்கள். பார்த்துச் சொல்வேன், உங்கள் கையில் இருக்கும்போது மட்டும்.

தேர்தலுக்கு ஒப்படைத்துத் திரும்ப வாங்கும்போது துருவோடு வருகிறது. என்ன செய்ய?

தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொன்னால் ஸ்டேஷனிலோ அங்கீகரித்த துப்பாக்கிக் கடையிலோ கொடுக்கிறோம். திரும்பி வர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். நடுவில் யாரும் துடைக்க மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. ஆகவே கொடுப்பதற்கு முன் வழக்கத்தை விடக் கூடுதலாக எண்ணெய் போடுங்கள், மெல்லிய கிரீஸ்கூட வெளியே தடவலாம். தோல் உறையோடு கொடுக்காதீர்கள். எண்ணெய்த் தாளில் சுற்றி, உள்ளே சிலிக்கா ஜெல் போட்டுக் கட்டுங்கள். துப்பாக்கியின் எண்ணும் அது இருக்கும் நிலையும் எழுதிய ரசீதை வாங்குங்கள். திரும்பி வந்த அன்றே காலிதானா என்று சோதித்து, முழுத் துடைப்பு. குழலில் அப்பிய கிரீஸை எடுக்காமல் சுட்டுவிடாதீர்கள்.

எங்கே, எப்படிப் பூட்டி வைப்பது?

சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியில் துப்பாக்கி. வேறோர் அறையில், வேறு பூட்டில் தோட்டா. இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் இருக்கக் கூடாது. அரிசி டப்பாவுக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால் வைக்கும் சாவி பிள்ளைகளுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். துப்பாக்கி தொலைந்தால் உடனே ஸ்டேஷனில் சொல்ல வேண்டும்.

இதைச் சொல்லத் தயங்கக் கூடாது: வீட்டில் யாருக்காவது மனம் உடைந்திருந்தால், குடி மீறிப் போயிருந்தால், கடன் நெருக்கினால், அந்தக் காலம் கடக்கும் வரை துப்பாக்கி வீட்டில் இருக்க வேண்டாம். அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தாலும் சரி. கடையிலோ ஸ்டேஷனிலோ ஒப்படைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதில் அவமானம் எதுவும் இல்லை. பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

அப்பா தவறிவிட்டார். பீரோவில் அவருடைய ரிவால்வர் இருக்கிறது. துடைத்து வைக்கலாமா?

துடைக்க வேண்டாம். துப்பாக்கியைக் கையாளத் தெரியாவிட்டால் தொடவே வேண்டாம், உள்ளே தோட்டா இருக்கலாம். அறையைப் பூட்டிவிட்டு, அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தைத் தேடி எடுங்கள். லைசென்ஸ் அவர் பெயரில்தான் இருந்தது, அவரோடு அது முடிந்துவிட்டது. இனி அந்த ரிவால்வர் உங்கள் வீட்டில் இருப்பதே சட்டப்படி சரியில்லை.

உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு முதலில் நீங்கள் மட்டும் போய் விவரம் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், அல்லது எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்வார்கள். ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அப்பாவின் நினைவாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், வாரிசு என்ற முறையில் ஊட்டியில் உள்ள கலெக்டர் அலுவலகத்தில் உங்கள் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க 2016-ன் ஆயுத விதிகளில் இடம் இருக்கிறது. ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். வேண்டாம் என்றால் லைசென்ஸ் உள்ள கடை மூலமாக விற்கலாம்.

லைசென்ஸ் கிடைத்து ரிவால்வர் உங்கள் கைக்கு வந்ததும் ஒரு போன் செய்யுங்கள். வந்து உட்கார்ந்து, முதல் துடைப்பை உங்கள் கையாலேயே செய்யக் கற்றுக்கொடுக்கிறேன்.